ஊரில் இந்தி தெரிந்த ஒருத்தி

ரெண்டு பேருக்கு நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற வேலையில் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் ரெண்டு பக்கத்திலிருந்தும் வரும். கல்யாணப் பேச்சுக்குத் தூது போனவர்களுக்கும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சமாதானம் பேச உட்கார்ந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

என் சொந்தத் தொழில் தையல். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற ஒரு ஊரில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மிஷின் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருசம் பூனாவில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே தள்ளுவண்டியில் இட்லி விற்றார். மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு, பிள்ளையும் இல்லாமல் தனியாக எதற்கு என்று அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து ஆறு வருசம் நான் ஒரு வார்த்தை இந்தி பேசவில்லை. பேச ஆள் இல்லை. கொரோனா வந்த வருசம்தான் அது திரும்ப வாய்க்கு வந்தது. அப்போது நடந்ததில் மறக்க முடியாத சிலதை எழுதுகிறேன். அவர்கள் இந்தியில் சொன்னதையும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

முள்ளுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர் எல்லையில், சுரங்கத்துக்குப் போகிற மண்ரோட்டில், தகர ஷெட் போட்டு வடக்கத்தி ஆட்கள் தங்கியிருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். நாலைந்து குடும்பம், மற்றவர்கள் தனி ஆட்கள். ஊரடங்கு போட்ட இரண்டாம் நாளே அவர்களைக் கூட்டி வந்த ஆள் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் ஊர்க்காரர்களோ நோய் வந்துவிடும் என்று பயந்து, சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அந்த ரோட்டை அடைத்துவிட்டார்கள். முன்னால் நின்று அடைத்தவர் கலியமூர்த்தி அண்ணன். அவருக்கு வீட்டில் நெஞ்சு வலிக்காரத் தகப்பன் இருந்தார், அவர் பயம் அவருக்கு.

மகளிர் குழுத் தலைவி தமிழ்ச்செல்வி அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று குழுப் பெண்களிடம் வாங்கி, முள்ளோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அவர்கள் தொடவில்லை. தங்களுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எடுத்தால் திருட்டுப் பட்டம் வருமோ என்று பயந்திருக்கிறார்கள். அக்கா நேராக என் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று, "மலரு, நீ பூனாவுல இருந்தவதான? எந்திரி" என்றார்.

முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். பாதி மராத்தி கலந்து வந்தது. கூட்டத்தில் வயசான ஆள் ஒருவர், மங்கள் என்று பெயர், பீகாரில் கயா பக்கத்துக் கொத்தனார், முள்ளுக்குக் கிட்டே வந்தார். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற தீதி போட்டுச் சொன்னார்: "நீங்க பேசறது எங்க ஊரு இந்தி இல்ல தீதி. பரவால்ல. பதினோரு நாளா எங்கள யாரும் எந்தப் பாஷையிலயும் சாப்பிட்டீங்களான்னு கேக்கல."

வடித்த கஞ்சி

பிறகு சமுதாயக் கூடத்தில் அடுப்பு மூட்டினோம். குரும்பலூரிலிருந்து அக்காவின் தம்பி, சந்தைக்குப் போக வழியில்லாத சின்ன வெங்காயத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் அவரவர் கொல்லையிலிருந்து வந்தது. ஷெட்டுக்கு மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். ரெண்டு வாரம் போனதும் சுக்ராம் என்கிற பையனும் அவன் மனைவி பூல்மணியும் தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று கேட்டார்கள். அவர்கள் ஜார்க்கண்ட் மலைப்பக்கம். பூல்மணிக்கு அப்போது எட்டு மாசம். சோறு வடிக்கிற கஞ்சி எங்கே போகிறது என்று கேட்டாள். மாட்டுத் தொட்டிக்கு என்றேன். அதில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கீரையும் போட்டு எங்களுக்குக் கொடுக்க முடியுமா, ஊரில் அதைத்தான் குடிப்போம், சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கனவில்கூடக் கஞ்சிதான் வருகிறது என்றாள்.

இதை நான் எப்படி அக்காவிடம் சொல்வது? நாம் சமைத்தது பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். ரெண்டு நாள் சொல்லாமலே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அக்கா நேராகப் போய், தொட்டிக்கு ஊற்றப் போன கஞ்சியை ஒரு சொம்பில் எடுத்து, உப்புப் போட்டு, முதலில் தானே குடித்தார். பிறகு சொன்னார்: "இதையேதான்டி நானும் சின்ன வயசுல குடிச்சேன். வசதி வந்துச்சுன்னு காட்டிக்கத்தான் மாட்டுக்கு ஊத்திட்டு இருக்கேன்."

நர்சம்மாவின் கேள்வி

நர்சம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். காய்ச்சல் பார்க்கிற மிஷினை நெற்றிக்கு நேரே நீட்டுவார், கேள்விகளை நான் கேட்க வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா. எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்கள். இல்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறவனும் இல்லை என்றான். ஆம் என்றால் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்ப வருவோமா தெரியாது என்பது அவர்கள் பயம். நர்சம்மாவுக்கு என்மேல் சந்தேகம், நான் சரியாகத்தான் கேட்கிறேனா என்று. அவர்களுக்கும் என்மேல் சந்தேகம், நான் மாட்டிவிடுகிறேனோ என்று.

ராஜேஷ் என்று ஒருத்தன், வெல்டர். மிஷின் அவனுக்குக் காய்ச்சல் காட்டியது. அவனைப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பதினாலு நாள் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அன்றைக்கு, காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்டபோது அவன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்ன பதிலை நர்சம்மாவுக்கு நான் மாற்றிச் சொல்லவே இல்லை: "இருக்குன்னு சொன்னா ஊருக்கு அனுப்புவாங்களா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க தீதி. ஊருக்குன்னா எனக்கு நாலு நாளாவே காய்ச்சல்."

தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே

கோயம்பேட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போன எங்கள் ஊர் ஆட்கள் திரும்பி வந்தபோது, அவர்களையும் ஊருக்குள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்துப் பூட்டினோம். வடக்கத்தி ஆட்களுக்குப் போட்ட அதே சோற்றை இவர்களுக்கும் கொண்டுபோனோம். அங்கே எனக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன்.

வேலாயுதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் மனைவி கௌசல்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் புளியமரத்தடியில் நிற்பாள். கத்தினால் கேட்கும் தூரம்தான். ஆனால் பத்து ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருசனிடம் என்ன பேசுவாள்? என்னைக் கூப்பிட்டாள். நான் சோற்று வாளியோடு அங்குமிங்கும் நடந்தேன். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று அவன் கேட்டான். ரெண்டு வந்திருக்கிறது, கீழே, என்று அவள் சொன்னாள். தூக்கிக் காட்டச் சொல் என்றான். அவள் குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாள், அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும், அவன் தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டினான். மார்க்கெட்டிலேயே இருந்திருக்கலாம், எதற்காக நோயைச் சுமந்துகொண்டு வந்தாய் என்று கோபமாக அவள் கேட்டு அனுப்பினாள். நான் ரெண்டடி எடுத்து வைத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வந்தது தப்புன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்கக்கா. வராம இருந்திருந்தா அவ செத்திருப்பான்னு, அத மட்டும் நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க."

மழை வருகிற மாதிரி

பூல்மணிக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். ஆம்புலன்ஸ் வந்து முள்ளுக்கு முன்னால் நின்றது. அதை யார் இழுப்பது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கலியமூர்த்தி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, தானே இழுத்துப் போட்டார். கையெல்லாம் கீறி ரத்தம். அதற்குப் பிறகு அந்த ரோட்டை அடைக்கவே இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் சுக்ராமை உள்ளே விடவில்லை. பாஷை தெரிந்த பெண் என்று என்னை விட்டார்கள். எனக்குப் பிரசவம் பார்த்து வழக்கமில்லை, எனக்கே ஒன்று மூணாம் மாசத்தில் கலைந்து போனதோடு சரி. அப்போது பூனாவில் பக்கத்து அறைச் சுனந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அந்த வார்த்தைகள்தான் இப்போது வந்தன. மூச்சை விடு, என்னைப் பார், இதோ முடிந்தது. ஆனால் வலி கூடக்கூட பூல்மணிக்கு இந்தி போய்விட்டது. மலையில் அவர்கள் வீட்டில் பேசுகிற பாஷையில் கத்த ஆரம்பித்தாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. "என்னம்மா சொல்றா, எங்க வலிக்குதாம்?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்கிறார். தெரியவில்லை என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டி வந்ததே இதற்குத்தானே.

பெண் குழந்தை. ரெண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். சாயங்காலம் அவள் கண் விழித்து இந்திக்குத் திரும்பியதும், என்ன அப்படிக் கத்தினாய் என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்டு ஆட்டைப் பிடிச்சு உள்ள கட்டச் சொல்லிட்டு இருந்தேன் தீதி. மழை வர மாதிரி இருந்துச்சு."

சுனந்தா

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எனக்குச் சுனந்தா ஞாபகமாகவே இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். முதலில் கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தாள், அதுதான் குழாயடியில் உதவும் என்று. ஒரு சுவர்தான் எங்கள் நடுவில். நான் தாளிக்கிற வாசனை வந்தால் சுவரை ரெண்டு தட்டுத் தட்டுவாள், எனக்கும் ஒரு கிண்ணம் என்று அர்த்தம். ஊருக்கு வந்த பிறகு ரெண்டு மூணு தடவை பேசினேன், பிறகு விட்டுப்போனது. என்ன பேசுவது? அவர் இல்லாத வாழ்க்கையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூனாவில் நாங்கள் இருந்த பேட்டையில் நோய் கடுமையாக இருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். ஷெட்டு ஆட்களுக்கெல்லாம் என் போனில் ஊருக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு எனக்காகப் போட்டேன். போன் அணைந்திருக்கிறது என்றே வந்தது. நாலு நாள் அப்படியே. ஐந்தாம் நாள் எடுத்தாள். எல்லாரும் நடந்து அவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்களாம், அங்கே ஊருக்கு வெளியே ஒரு மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம், அங்கே சார்ஜ் போட வசதி இல்லையாம். நான் அழுதேன். வைக்கிறேன் என்று அவள் சொன்ன பிறகும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் வைக்கவில்லை. ஆனால் போனை எடுத்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "ஆறு வருசமா வரல, போன் இல்ல. இப்ப நான் இருக்கனா போயிட்டனான்னு பாக்கக் கூப்பிடுறியா? இருக்கேன். வை."

ஏரித் தண்ணீர்

ஒரு நாள் என் போனில் மங்கள் வீட்டிலிருந்து அவர் மருமகள் கூப்பிட்டாள். மங்களின் அம்மா இறந்துவிட்டார். எப்படியாவது நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். நான் ஷெட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் இந்தியில் அதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டே போனேன். செத்துப்போனார் என்பதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை குழாயடி வார்த்தை. அதைச் சொல்ல முடியாது. கடைசியில், "அம்மா இப்ப இல்லை" என்றேன். மங்கள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார். வெயில் ஏறுவதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. கொள்ளி வைக்கத் தம்பி இருக்கிறான், அது நடந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் மொட்டையடித்து ஆற்றில் முழுக வேண்டும், இங்கே எங்கே போவது என்று அவர் என்னிடம் கேட்டதை அக்காவிடம் சொன்னேன். அது எப்படியோ ஊரெல்லாம் போய்விட்டது. பத்தாம் நாள் காலையில் முடி எடுக்கிறவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். அக்கா எள்ளும் அரிசியும் கொண்டுவந்தார். மங்கள் கரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தபோது, எங்கள் ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள், யாரும் கூப்பிடாமல். நமக்குத் தெரிந்த துக்கத்துக்கு நிற்கிற மாதிரிதான் நின்றார்கள். அவர் தண்ணீரில் இறங்கப் போகும் நேரத்தில் கலியமூர்த்தி அண்ணன் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்ம ஏரி கொஞ்சம் கலங்கலா கெடக்கு. அவங்க அம்மா ஏத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லும்மா."

பெயர் வாசித்தது

ஒரு வழியாக அவர்களுக்கு ரயில் விட்டார்கள். திருச்சி வரை கொண்டுபோக பஸ் எங்கள் ஊருக்கே வந்தது. பெயரை வாசித்து ஏற்றிவிட வேண்டியது என் வேலை. அதைத்தான் அவர்கள் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்காகத்தான் நானும் தாலுகா ஆபீசுக்கு அக்காவோடு நடையாய் நடந்தேன். அன்றைக்கு லிஸ்டைக் கையில் வாங்கியதும் எனக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க ஒருத்தர் ஏறிவிடுகிறார். மெதுவாகத்தான் வாசித்தேன். ஒரு பெயரை ரெண்டு தடவை வாசித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

அக்கா எல்லாருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். பூல்மணி குழந்தைக்கு நான் ஒரு சட்டை தைத்திருந்தேன். கொஞ்சம் பெரிதாகவே தைத்தேன், அங்கே போயும் ரொம்ப நாள் போடட்டும் என்று. அவள் அதை விரித்துப் பார்த்து, குழந்தையின் மேல் வைத்து அளந்து பார்த்தாள். கால் வரைக்கும் வந்தது. போனில் கூப்பிடுகிறோம், கட்டாயம் கூப்பிடுகிறோம் என்று எல்லாரும் சொன்னார்கள். பூல்மணி மட்டும் பொய் சொல்லவில்லை. "மலையில சிக்னல் இல்ல தீதி. இந்தச் சட்டை அவளுக்குச் சரியா வர அன்னைக்கு உங்கள நெனச்சுக்கறேன்."

இப்போது

மங்கள் ரெண்டு தடவை கூப்பிட்டார், பிறகு நம்பர் மாறிவிட்டது. ராஜேஷ் பண்டிகைக்குப் படம் அனுப்புவான். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. சுனந்தா பூனாவுக்குத் திரும்பிவிட்டாள், வேறு பேட்டையில் இருக்கிறாள், மாசம் ஒரு தடவை பேசிக்கொள்கிறோம். வா வா என்கிறாள். வருகிறேன் வருகிறேன் என்கிறேன்.

ஷெட்டில் இப்போது புது ஆட்கள். போன மாசம் அதிலிருந்து ஒரு இளைஞன் பேண்ட் நீளம் குறைக்க வேண்டும் என்று கொண்டுவந்தான். வாசலில் நின்றவனின் முகஜாடையைப் பார்த்து வடக்கத்திப் பையன் என்று புரிந்துகொண்டதுமே எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. பாபின் நூல் மாற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, இந்தியில் ஆரம்பித்துவிட்டேன். எந்த ஜில்லா, வீட்டில் யார் யார், சாப்பாடு எப்படி, கஞ்சி கிடைக்கிறதா. நிறுத்தாமல் பேசினேன். அவன் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க நின்றதும், சுத்தமான அரியலூர்த் தமிழில் சொன்னான்: "தமிழ்லயே சொல்லுங்கக்கா, எனக்கு நல்லாப் புரியும். ரெண்டு இஞ்ச் குறைச்சாப் போதும், நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

நடுவில் நிற்கிற வேலையைச் செய்த என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ரெண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டுவிட்டால் நாம் செய்தது நல்ல வேலை என்று அர்த்தம், அதற்குப் பிறகு பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர் நாம் மட்டும்தான்.